சித்திரமும் பறவைக் காப்பும்

ஒரு கடதாசியின் ஆயுள் பெரிதோ, ஒரு பறவையினத்தின் ஆயுள் பெரிதோ என்று வினவினால், பறவையினத்தின் ஆயுளே பெரிதென்று எவரும் விடை கூறுவர். கடதாசி கிழிந்து போவது. பறவையினமோ தலைமுறை தலைமுறையாகப் பெருகி வருவது. எனினும், வட அமெரிக்காவிலே இவ்விடை பொய்த்துப் போயிற்று. உயிரினங்களைத் தீட்டும் ஓவியக் கலை எதனைச் செய்ய வல்லது, எதனைத் தனித்து நின்று செய்ய மாட்டாது என்பதை அந்த வரலாறு நேயர்களுக்கு நன்கு விளக்கும்.

ஜோன் ஜேம்ஸ் ஓடுபொன் என்னும் ஓவியர் 1785ஆம் ஆண்டிற் பிறந்தவர். 'அமெரிக்கப் பறவைகள்' என்னும் அவருடைய பெருநூல் 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் உள்ள சித்திரங்கள் 435. ஒவ்வொரு பறவையையும் அதன் இயற்கையளவிலேயே தீட்டுதல் வேண்டும் என்பது அவர் கொண்ட விரதம். நெடிய கழுத்தையுடைய பூநாரை அத்துணைப் பெரிய தாளிலும் அடங்காமையால், தலையைத் தாழ்த்தி நிற்கும் கோலத்திலே தீட்டப்பட்டது. பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, கம்பியினாற் கட்டி, உயிருள்ளவை போல நிறுத்தி வைத்தே அவர் வரைந்தார் என்பதையும் மறைத்தல் கூடாது.

1813ஆம் ஆண்டிலே கென்டக்கி நாட்டுப்புறத்தில், பயணப் புறாக்கள் சூரியனை மறைத்துக் கூட்டங்கூட்டமாகப் பறந்ததை ஓடுபொன் கண்டார். அவ்வினத்தின் கடைசிப் புறா 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையிலே மடிந்தது. அவர் தீட்டிய கரோலினாக் கிளிகளுள் கூண்டில் எஞ்சியிருந்த ஒன்றும் 1918இல் அதே சாலையில் உயிர் துறந்தது. அக்கிளிகள் குறைந்து வருவதை அவரே தம் காலத்தில் எழுதி வைத்திருந்தார். சித்திரம் இன்றும் இருக்கிறது, கிளி இல்லை.

அங்ஙனமாயின் அச்சித்திரங்களால் விளைந்த பயன் யாது? ஓடுபொன்னின் மனைவி லூசியிடம் இளமையிற் கல்வி கற்றவர் ஜோர்ஜ் பேர்ட் கிரின்னல். மகளிர் தொப்பிகளை அலங்கரிக்கும் இறகுகளுக்காகப் பறவைகள் கொல்லப்படுவதை எதிர்த்து, 1886இல் அவர் ஒரு சங்கத்தை நிறுவி, அதற்கு ஓடுபொன்னின் பெயரையே சூட்டினார். சித்திரம் விதைத்த அன்பு காலந் தாழ்த்தியேனும் முளைத்தது எனலாம்.

அன்பு மாத்திரம் போதாது, நிலமும் வேண்டும். 1930ஆம் ஆண்டுகளில் அங்கே கடும் வரட்சி நிலவியது. சதுப்பு நிலங்களும் வேளாண்மைக்காக வடிக்கப்பட்டிருந்தன. காட்டுத் தாராக்கள் குஞ்சு பொரிக்க இடமின்றிக் குறைந்தன. அவ்வேளையில் பறவைகளையும் விலங்குகளையும் பேணும் அரசாங்கப் பகுதிக்குத் தலைவராக, ஜே டார்லிங் என்னும் கேலிச்சித்திரக்காரரை 1934இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நியமித்தார். பதினாறு வயது நிரம்பிய எவரும் நீர்ப்பறவைகளை வேட்டையாட ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்குதல் வேண்டும் என்று அவ்வாண்டிலேயே சட்டம் பிறந்தது. முதல் முத்திரையின் சித்திரம் டார்லிங் வரைந்தது: ஒரு சோடித் தாராக்கள் சதுப்பு நீரில் வந்து இறங்கும் காட்சி. அதன் விலை 1 டொலர்.

முத்திரை விற்று வரும் பணத்திற் பெரும்பகுதி, சதுப்பு நிலங்களை வாங்கவும் குத்தகைக்குப் பெறவும் செலவாகின்றது. விலை 2015இல் 25 டொலராக உயர்ந்தது. இதுவரை 60 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இவ்வாறு காக்கப்பட்டிருக்கின்றது. 1949 முதல் ஆண்டுதோறும் திறந்த போட்டி நடத்தி, வெற்றி பெறும் சித்திரமே முத்திரையில் அச்சிடப்படுகின்றது. வென்றவருக்கு அரசாங்கம் பணப்பரிசு வழங்குவதில்லை. அவர் பெறுவது அம்முத்திரைத் தாள் ஒன்றே. ஆயினும் ஓவியர் பலர் போட்டியிடுகின்றனர். வேட்டையாடாத பறவை அன்பர்களும், முத்திரை சேகரிப்போரும் அதனை விரும்பி வாங்குகின்றனர்.

கொல்பவனிடமே காப்பதற்குப் பணம் பெறுவது முறையோ என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வடிந்து போன சதுப்பில் வேட்டுவனுக்கும் தாரா இல்லை, பறவை அன்பனுக்கும் தாரா இல்லை. இருவருக்கும் பொதுவான அந்நீரைக் காப்பதற்கே முத்திரைப் பணம் செல்கின்றது.

ஓடுபொன்னின் கிளிக்கும் டார்லிங்கின் தாராவுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டுகள். கலைத்திறத்தில் முன்னதே உயர்ந்தது. ஆனால் முன்னது கிளி மறைந்தபின் அதன் நினைவுச் சின்னமாயிற்று. பின்னது தாரா வாழும்போதே அதற்கு நீரும் நிலமும் தேடிக் கொடுத்தது. உயிரினங்களைத் தீட்டுவோரும், அச்சித்திரங்களைக் கண்டு மகிழ்வோரும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது நன்று.