சட்டத்தின் கண்ணில் ஒரு பெட்டி: விமானத்தில் செல்லப்பிராணி

விமானத்தில் நாயோ பூனையோ மூன்று வழிகளில் ஒன்றில்தான் போக முடியும்: உரிமையாளரின் காலடியில் கேபினுக்குள், அதே விமானத்தின் அடிவயிற்றில் அவருடைய பெட்டி படுக்கைகளோடு, அல்லது தனி ரசீது போட்ட சரக்காக. எந்த வழி என்பது வசதி சார்ந்த கேள்வி மட்டுமல்ல. அசம்பாவிதம் நேர்ந்தால் எவ்வளவு இழப்பீடு கேட்கலாம் என்பதும் அதைப் பொறுத்ததே. ஆகையால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யவேண்டிய விஷயம் இது.

இந்திய உள்நாட்டு விமானங்களில் எல்லா நிறுவனங்களும் பிராணிகளை ஏற்பதில்லை. ஏர் இந்தியா நெடுங்காலமாக ஏற்றுவருகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் தொடங்கியது. கேபினுக்கான எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். பலரும் கோட்டைவிடுவது எடைக்கணக்கில்தான். வரம்பு பிராணிக்கு மட்டும் அல்ல, கூடையோடு சேர்த்து. ஆறு கிலோ பூனை ஒன்றரைக் கிலோ கூடையில் ஏறினால் ஏழு கிலோ வரம்பைத் தாண்டிவிடும். ஒரு விமானத்தில் ஓரிரு பிராணிகளுக்குத்தான் கேபினில் இடம் உண்டு என்பதால், முன்பதிவு செய்த கையோடு நிறுவனத்திடம் எழுத்துபூர்வ உறுதி வாங்கிவிடுவது அவசியம். வாய்வார்த்தை செக்-இன் கவுன்டரில் எடுபடாது. பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போவது காலிக் கூடை மட்டுமே. பிராணியைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டியிருக்கும். மிரளும் பூனைக்குக் கழுத்துப்பட்டையைவிட உடலைச் சுற்றும் வார்ப்பட்டை பாதுகாப்பு.

லேப்ரடார் போன்ற பெரிய நாய்களுக்கு விமானத்தின் அடித்தளம்தான். அதற்கான கூண்டின் அளவை உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா, உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளில் வரையறுத்துள்ளது. நாயின் மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை உள்ள நீளத்தோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள்பட்டை அகலத்தைப் போல இருமடங்கு அதன் அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலையோ காது நுனியோ எது உயரமோ, அதற்கும் விரிப்புக்கும் இடம் தருவது அதன் உயரம். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்ப முடிய வேண்டும். கூண்டை வாங்கிப் பயண நாளன்று திணிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. சில வாரங்கள் முன்பே வீட்டில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு போட்டுப் பழக்கினால் பாதிப் பயம் தெளிந்துவிடும்.

அபாயங்களில் முதலிடம் சப்பை மூக்கு இனங்களுக்கு. பக், புல்டாக், ஷிட்சு, பெர்ஷியன் பூனை ஆகியவற்றுக்குப் பிறவியிலேயே மூச்சுப் பாதை குறுகல். நாய்கள் வியர்த்து உடலைக் குளிர்விப்பது மிகக் குறைவு. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகின்றன. அந்த வழியே அடைபட்டிருந்தால் பதற்றமும் வெக்கையும் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட தகவலின்படி, 2005 மே முதல் அதுவரை அந்நாட்டு விமான நிறுவனங்கள் தெரிவித்த 122 நாய் இறப்புகளில் 25 ஆங்கில புல்டாக், 11 பக். பக் நாய் தோன்றிய ஹட்ச் செல்பேசி நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு இந்திய வீடுகளில் அந்த இனம் பெருகியது. அதன் மூச்சுக்கோளாறு பற்றி அந்த விளம்பரம் எதுவும் சொல்லவில்லை. இத்தகைய இனங்களைப் பல நிறுவனங்கள் சரக்காக ஏற்பதே இல்லை.

பறக்கும்போது பிராணிகளுக்கான அடித்தளப் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பநிலையும் சீராகவே இருக்கும். ஆபத்து பெரும்பாலும் தரையில்தான்: ஏற்றுவதற்கு முன் தார்த்தளத்தில் கூண்டு காத்துக்கிடக்கும் நேரம். சென்னையில் சித்திரை, வைகாசி மதியங்களில் இந்தக் காத்திருப்பு கொடியது. இரவு அல்லது விடியற்காலை விமானம், முடிந்தவரை இடையில் மாறாத நேர்ப் பயணம் என்று தேர்ந்தெடுப்பதே பெரிய பாதுகாப்பு. மயக்க மருந்து கொடுத்து அனுப்பும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தளர்த்துவதோடு, உடல் சமநிலையையும் குலைக்கும். மருந்து ஊட்டப்பட்ட பிராணியை ஏற்க நிறுவனம் மறுக்கலாம்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் மாதக்கணக்கில் முன்னேற்பாடு வேண்டும். முதலில் 15 இலக்க மைக்ரோசிப். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. வரிசை மாறினால் போட்ட ஊசி கணக்கில் சேராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து நுழைய, ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, ஏறத்தாழ நான்கு மாதம். பிரிட்டனுக்கும் இதே கணக்குதான். கூடுதலாக, நாய்க்கு நாடாப்புழு மருந்தைச் சேருவதற்கு 1 முதல் 5 நாட்களுக்குள் கால்நடை மருத்துவர் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த வயதுள்ள நாய்களை அனுமதிப்பதில்லை. ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால் கூடுதல் படிவங்களும் உண்டு. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாய், பூனைகளை ஏற்பதில்லை.

இந்தியாவிலிருந்து புறப்படுமுன், மத்திய கால்நடைத் துறையின் கீழ் இயங்கும் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு மையத்தில் பிராணியைக் காட்டிச் சுகாதாரச் சான்று பெற வேண்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு உள்ளிட்ட ஊர்களில் இந்த மையங்கள் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வரும் பிராணிகளுக்கும் இம்மையங்கள் உள்ள ஊர்களே நுழைவாயில். துபாயிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ நேராக நாயைக் கொண்டுவர முடியாது. வருவதற்கு முன்பே இம்மையத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து திரும்புவோருக்கு உடைமையாக இரண்டு பிராணிகள் வரை சலுகை உண்டு. மற்றவர்களுக்கு இறக்குமதி உரிமம் தேவை. இதற்கிடையே ஒன்று: பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் விமானத்தில் கொண்டுசெல்வது இருக்கட்டும், வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இத்தனை காகித வேலையால் முகவர்கள் பெருகியுள்ளனர், மோசடிக்காரர்களும் கூடவே. “நீங்கள் வாங்கிய குட்டி விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது, காப்பீட்டுக்கு உடனே பணம் அனுப்புங்கள்” என்று வரும் அழைப்பு அவர்களது வழக்கமான தூண்டில். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இனி உரிமைகள். சர்வதேசப் பயணங்களை ஆளும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. அதில் பயணி, உடைமை, சரக்கு என்று மூன்றே வகை. பிராணிக்குத் தனி இடம் இல்லை. அர்ஜென்டினாவிலிருந்து பார்சிலோனா புறப்படும்போது தொலைந்த நாய் குறித்த வழக்கில், செல்லப்பிராணியும் உடைமை என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மனம் ஒப்பாத தீர்ப்புதான், ஆனால் உடன்படிக்கையின் வாசகம் அப்படி.

இதன் விளைவு பணத்தில் தெரியும். 2024 டிசம்பர் 28 முதல் உடைமைக்கான உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். சரக்குக்கோ கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். கூண்டோடு 20 கிலோ எடையுள்ள நாய் சரக்காகப் போனால் வரம்பு 520 எஸ்.டி.ஆர்.தான். இந்திய உள்நாட்டுப் பயணத்தில் உடைமைக்கு 20,000 ரூபாய். இந்த வரம்பைத் தாண்ட ஒரு வழி உண்டு: ஒப்படைக்கும்போதே பிராணியின் மதிப்பை எழுத்தில் அறிவித்து, நிறுவனம் கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்திவிடுவது. கவுன்டரில் யாரும் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பிராணியின் உள்ளார்ந்த குறையால் இறப்பு நேர்ந்தது என்று நிரூபித்தால் நிறுவனம் தப்பிவிடலாம். அதனால்தான் மருத்துவரின் தகுதிச் சான்றும், ஒப்படைக்கும்போது கூண்டோடு எடுத்த தேதியிட்ட காணொளியும் முக்கியம். காயமோ இறப்போ நேர்ந்தால் கூண்டைக் கழுவாமல் படம் எடுத்து, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் பதிந்து நகல் வாங்க வேண்டும். இறந்த பிராணியைப் புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கோர வேண்டும். சர்வதேசப் பயணத்தில் உடைமைச் சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும் சரக்குச் சேதத்துக்கு 14 நாட்களுக்குள்ளும் நிறுவனத்துக்கு எழுதியாக வேண்டும். வழக்குக்கு இரண்டு ஆண்டு.

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் உண்டு. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் விளைந்த அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், பிராணி துன்புறும் வகையில் ஏற்றிச்செல்வதைக் குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை என்பதால் அதை நம்பி நிறுவனங்களை மிரட்ட முடியாது. பயனுள்ள கதவு நுகர்வோர் ஆணையம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஏர்சேவா தளத்திலும் புகார் செய்யலாம். தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். விமான நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.