காந்தி பூங்காவில் ஒரு சனிக்கிழமை

எமது கிராமங்களில் ஆண்கள் கூடியிருப்பதற்கென்று இடங்கள் உண்டு. சந்திக் கடையின் வாங்கு, வாசிகசாலை, மைதானத்தின் ஓரம், மதகுக் கட்டு என்று எத்தனையோ. வேலை முடிந்த பின் ஓர் ஆண் அங்கு போய் அமர்ந்தால், அவன் ஏன் அங்கே இருக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு அப்படியான இடம் எது? கிணற்றடி, கோயில், மரண வீடு, கூட்டம் நடக்கும் பல்தேவைக் கட்டடம். இவை எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலையில்லாமல் ஓரிடத்தில் இருந்தால் "என்ன இவ இங்க இருக்கா?" என்ற கேள்வி வரும். கணவனை இழந்தவள் என்றால் அந்தக் கேள்வி இன்னும் கூராக வரும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்ற காலத்தில் 'பொதுவெளி' என்ற சொல்லைப் பரீட்சைக்காக மனனம் செய்தவள் நான். அந்தச் சொல்லின் பொருளை எனக்கு விளங்க வைத்தவர்கள் படுவான்கரையிலுள்ள ஒரு மகளிர் சேமிப்புக் குழுவின் பதினொரு அங்கத்தவர்கள்.

மட்டக்களப்பு அல்லாத இடங்களில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, விழும் மேற்குப் பக்கம் படுவான்கரை. பட்டினம், வைத்தியசாலை, கச்சேரி, நீதிமன்றம் எல்லாம் எழுவான்கரைப் பக்கத்தில். வயலும் மாடும் குளமும், யுத்த காலத்தில் அதிக அழிவும் படுவான்கரைப் பக்கத்தில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் படகுப்பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனார்கள். பிள்ளைப்பேற்று வலியோடு பாதைக்குக் காத்திருந்த கதை அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஆடி மாதக் கூட்டத்தில், குழுவின் சேமிப்புக் கணக்கை முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். மாமாங்கத் திருவிழாவுக்குப் போவதா என்ற பேச்சு எழுந்தபோது ஓர் அக்கா சொன்னார்:

"நாங்க டவுனுக்குப் போறதெண்டா கச்சேரிக்கு, கோட்டுக்கு, பொலிசுக்கு, ஆஸ்பத்திரிக்கு. இல்லாட்டிக் கோயிலுக்கு. சும்மா ஒரு நாள் போய்ப் பார்த்ததில்லகா."

சும்மா போவோமா என்று இன்னொருவர் கேட்டார். எங்கே என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. கடைசியில் காந்தி பூங்கா என்று முடிவாயிற்று. வாவிக்கரையில் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பிள்ளைகள் விளையாடலாம், முக்கியமாகப் பணம் செலவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. குழுவின் பொருளாளர், கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர், முகத்துக்கு நேரே கேட்டார்: "வயிறு காயிற நேரத்தில பூங்கா என்னத்துக்கு? அந்த பஸ் காசுக்குப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கலாம்." இதை வெறும் முணுமுணுப்பு என்று நான் ஒதுக்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் படுவான்கரையில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்த வீடுகளை எனக்குத் தெரியும். நுண்கடன் தவணைக்காரர் வரும் நாளில் பின்பக்கத்தால் வெளியேறும் பெண்களையும் தெரியும். ஆனாலும் அவர் கேள்விக்குக் குழுவே பதில் சொன்னது. சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது, பஸ் கட்டணத்தை அவரவர் கொடுப்பது, குழுப் பணத்தில் ஒரு சதமும் தொடுவதில்லை. அப்படியென்றால் வருகிறேன் என்றார் பொருளாளர்.

சனிக்கிழமை காலை பஸ்சில் ஏறினோம். பதினொரு பெண்கள், ஏழு பிள்ளைகள், நான். பாலத்தைக் கடந்து ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி. கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலத்தால் பஸ் போக, பக்கத்தில் ஆங்கிலேயர் காலத்துப் பழைய இரும்புப் பாலம் தெரிந்தது. மீன் பாடுவது அதற்குக் கீழேதான் என்று ஒரு பிள்ளைக்கு யாரோ சொல்ல, அவன் யன்னலால் தலையை நீட்டி ஏச்சு வாங்கினான்.

ஒரு விடயத்தை இங்கே குறிப்பிட வேண்டும். காலையில் இருந்து எவரும் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டபோது சிரித்தார்கள். போகுமிடத்தில் மலசலகூடம் எங்கே என்று தெரியாமல் பெண் தண்ணீர் குடிப்பாளா? பயணம் என்றாலே தொண்டையைக் காயப்போடுவது எங்கள் பழக்கமாகிவிட்டது. சலக்கடுப்போடு வைத்தியசாலைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது என்று உங்கள் ஊர் மருத்துவமாதுவிடம் கேட்டுப் பாருங்கள்.

பூங்காவுக்கு வந்ததும் எல்லோரும் ஒரு மரத்தடியில் நெருங்கி நின்றார்கள். வாங்குகள் வெறுமையாக இருந்தும் எவரும் இருக்கவில்லை. பிறகு மெல்ல நிலத்தில் அமர்ந்து, பைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஏதோ அலுவலகத்தில் பெயர் கூப்பிடும் வரை காத்திருப்பது போலவே அந்த இருப்பு இருந்தது. அவ்வழியால் போன ஒருவர் நின்று, "என்ன, ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடுத்தர வயதுப் பெண்கள் கூட்டமாக இந்தப் பூங்காவில் இருந்தால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் என்றுதான் பட்டினம் நினைத்துப் பழகியிருக்கிறது.

உண்மையில் எங்களோடு வந்த மூத்த அம்மா அப்படிப் பல தடவை இங்கு வந்தவர். 2007இல், படுவான்கரையே இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த காலத்தில், அவரது இரண்டாவது மகன் காணாமற்போனார். அன்றிலிருந்து மகனின் படத்தைப் பிடித்தபடி எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறார். அன்றும் அவரது பைக்குள் அந்தக் கோவை இருந்தது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழுக்களுக்கு எழுதியவை, காணாமற்போனோர் அலுவலகத்தின் பதிவு, எல்லாவற்றுக்கும் மேலே படம். இன்றைக்கு ஏன் அம்மா என்று கேட்டேன்.

"டவுனுக்கு வந்தா இதில்லாம வாறதில்ல மகள். கைய வீசிக்கொண்டு வந்தா என்னவோ மாதிரி இருக்கு."

ஆனால் பூங்காவை அவருக்குத் தெரிந்தது போல எங்களில் எவருக்கும் தெரியாது. "இதில இருக்காதீங்க, பத்து மணிக்குப் பிறகு வெயில் வந்திரும்" என்று அவர்தான் எங்களை எழுப்பினார். எந்த மரத்து நிழல் மத்தியானம் தாண்டியும் நிற்கும், எந்தப் பக்கத்தில் வாவிக் காற்று வரும், தண்ணீர்க் குழாய் எங்கே, மலசலகூடம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நாள் முழுவதும் படத்தோடு இருந்து இருந்து படித்துக்கொண்ட பாடம் அது. அவர் சொன்ன இடத்தில் பாயை விரித்த பிறகுதான் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள்.

பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டார்கள். அம்மாவின் பேரன் மட்டும் புல்தரையில் இறங்கப் போக, "பாதையால நட மனே, புல்லுக்குள்ள இறங்காத" என்று அவர் கத்தினார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிதிவெடிப் பயத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய வார்த்தை. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. பேரன் அதற்குப் பிறகு பிறந்தவன். அவனுக்கு ஒன்றும் விளங்காமல் பாட்டியின் முகத்தையே பார்த்தான். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போ, போ, விளையாடு" என்றார்.

காந்தி சிலையையும், பிள்ளைகள் கேட்டதற்காக வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையையும் பார்த்தோம். 1814இல் இங்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர், ஒரு வருடம் முடியுமுன்பே இங்கேயே இறந்தவர் என்று சொன்னேன். "அவரையும் வீட்டில தேடியிருப்பாங்களே" என்றார் ஒருவர். வரலாற்றுப் பாடம் அதோடு முடிந்தது.

சோற்றுப் பார்சலை அவிழ்த்ததும் பேச்சு வந்தது. யார் வீட்டுச் சம்பல் உறைப்பு, யார் மீனை அதிகம் பொரித்தது என்று தொடங்கி, பள்ளிக்கூடக் காலத்துக் கதைகளுக்குப் போயிற்று. பொருளாளர் சாப்பிட்ட கையோடு சேலைத் தலைப்பைத் தலைக்கு வைத்துச் சரிந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். ஒன்றரை மணித்தியாலம். எவரும் எழுப்பவில்லை. அவர் வீடு கிராமத்தின் கடைசி வீடு. யானை வரும் காலத்தில் இரவில் கண்மூடுவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். பூங்கா என்னத்துக்கு என்று கேட்டவருக்கு நான் இதைவிட நல்ல பதில் சொல்லியிருக்க முடியாது.

நான் அதிகம் கவனித்தது குழுவில் வயது குறைந்த தங்கச்சியை. சிறுவயதில் யுத்தத்தில் தகப்பனை இழந்தவர். 2019இல் வயலில் யானை அடித்துக் கணவனை இழந்தவர். முப்பதைத் தாண்டவில்லை. நிறமுள்ள சேலை உடுப்பதில்லை, கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. அன்று பழைய கதை ஒன்றைக் கேட்டு, வாயைப் பொத்தாமல் சிரித்தார். நான்கு மணி பஸ்சைப் பிடித்து, இருட்டுமுன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தச் சிரிப்பு எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. பட்டினத்தில் கண்ட யாரோ சொல்லி, கணவனின் தம்பி வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார். "பார்க்கில பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தாவாம், இனிக் கூட்டம் கீட்டம் எண்டு வாசல் தாண்டக் கூடாது." அந்த வீடும் வளவும் இன்னும் கணவனின் தாயார் பெயரில் இருக்கிறது. ஆகவே இந்த வார்த்தைக்கு வெறும் கோபத்தைவிடப் பாரம் அதிகம். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் தங்கச்சி வரவில்லை.

நான் முதலில் நினைத்தது 1938. பெண்களுக்கு வீட்டிலோ வெளியிலோ அச்சுறுத்தல் இருந்தால் அழைக்கக்கூடிய அரச உதவி இலக்கம் அது. அடி, உதை, மிரட்டல் என்றால் தயங்காமல் அழைக்க வேண்டும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குழுவினர் என்னைப் பொறுக்கச் சொன்னார்கள். மூத்த அம்மாவும் பொருளாளரும் ஒரு பின்னேரம் மாமியாரிடம் போனார்கள். சண்டைக்குப் போகவில்லை, வெற்றிலையோடு போனார்கள். அந்த மாமியாரும் 1991இல் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்த்தவர். பொழுதுபடும் வரை பேசினார்களாம். கடைசியில் மாமியார் கேட்டது இவ்வளவுதான்: "அங்க அப்பிடி என்னத்தத்தான் பார்த்தீங்க?"

அடுத்த கூட்டத்துக்குத் தங்கச்சி வந்தார். மைத்துனர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வளவுப் பத்திரத்தை எப்படிப் பேரப்பிள்ளையின் பெயருக்கு மாற்றுவது என்று மாமியாரே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். அது நீண்ட அலுவல், இன்னொரு கட்டுரைக்குரியது.

பூங்கா வேறொரு பேச்சையும் கிளப்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டிப் போகத்தான் வேண்டுமா? கிராமத்துக் குளக்கட்டுக்குக் கீழே மருத மர நிழலில் வெறும் நிலம் கிடக்கிறது. நான்கு வாங்கும் ஒரு விளக்கும் போட்டால் போதும் என்று குழு முடிவெடுத்தது. யாரிடம் கேட்பது என்றபோது நான் படித்தது கொஞ்சம் உதவியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரமும் வீதியும் மட்டுமன்றி மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதையும் சபையின் பொறுப்பாக்கியிருக்கிறது. ஆகவே வாங்கு கேட்பது பிச்சை கேட்பதல்ல. அத்தோடு 2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் இருந்து பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. உங்கள் சபையிலும் பெண் உறுப்பினர் இருப்பார், பெயரை விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். எங்கள் குழு கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஏழு பேர் நேரில் கொண்டுபோய்ப் பெண் உறுப்பினரின் கையில் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கினார்கள். இந்தப் பிரதி வாங்கும் பழக்கம் மூத்த அம்மா கற்றுக்கொடுத்தது. அவரது கோவையில் உள்ள ஒவ்வொரு தாளிலும் கையொப்பம் இருக்கிறது.

உறுப்பினர் வந்து நிலத்தைப் பார்த்தார். அது குளத்துக்குரிய ஒதுக்கு நிலமா, சபையின் நிலமா என்று கேட்டு பிரதேச செயலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. பதில் வரவில்லை. குழுவினர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பற்றையை வெட்டி, இரண்டு தென்னங்குற்றிகளை உருட்டி வந்து நிழலில் போட்டுவிட்டார்கள். ஞாயிறு பின்னேரங்களில் ஐந்தாறு பேர் வந்து இருக்கிறார்கள், தங்கச்சியின் மாமியாரும் வருகிறார். சென்ற வாரம் பந்தடிக்கும் பெடியன்கள் ஒரு குற்றியைத் தூக்கிப்போய் கோல் கம்பத்துக்கு அணையாக வைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் முதலாவதாகப் பேசவிருப்பது அந்தக் குற்றியைப் பற்றித்தான்.