கடனை எந்தப் படியில் வாங்குவது?

பிளஸ் டூ முடித்த பெண், சைக்காலஜிதான் படிப்பேன் என்கிறாள். "படித்தால் என்ன சம்பளம் வரும்?" என்று அப்பா கேட்கிறார். கடன் வாங்கிப் படிக்க வைக்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, அவள் எந்தப் படி வரை ஏறப் போகிறாள் என்று தெரிய வேண்டும். பி.எஸ்சி. முடித்தவருக்கும், எம்.எஸ்சி. முடித்தவருக்கும், மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற்றவருக்கும் வேலையும் வேறு, வருமானமும் வேறு.

சட்டம் சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்.சி.ஐ., ஏற்ற படிப்பும், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும் இருக்க வேண்டும். இத்தனை காலம் அதற்கு முக்கிய வழி பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, எம்.ஃபில். இரண்டு என்று ஏழு வருடம். முதல் மூன்று வருடம் முடித்தவருக்கு அந்தப் பதிவு கிடைக்காது. மனிதவளத் துறை, தொண்டு நிறுவனம், சிறப்புப் பள்ளி, ஆய்வு உதவியாளர் என்று வேலைகள் உண்டு. அவை நல்ல வேலைகளும்கூட. ஆனால் பெரும்பாலும் வேறு பட்டம் பெற்றவர்களோடு போட்டியிட்டு வாங்க வேண்டியவை.

டீ ஆறுவதற்குள் ஒரு தாளில் கணக்குப் போடுவோம். தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்க்க, வருடத்துக்கு 2 லட்சம் வீதம் 6 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை. முதல் வருடம் வாங்கிய 2 லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 80,000; அடுத்ததற்கு 60,000; கடைசியாக வாங்கியதற்கு 40,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 7 லட்சத்து 80 ஆயிரமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 10,300 ரூபாய். பதினைந்து வருடம் கேட்டால் 8,400 அளவுக்குக் குறையும். ஆனால் மொத்தம் 15 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அவளுக்கு முதல் சம்பளம் 18,000 என்றால் பாதிக்கு மேல் வங்கிக்கே போய்விடும். வெளியூரில் விடுதி வாடகை கட்டி, சாப்பிட்டு, பஸ்ஸுக்கும் கொடுத்தபின் மேற்படிப்புக்கு அவள் எதைச் சேர்ப்பாள்?

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. எளிதாகக் கிடைக்கிறதே என்று அந்த வரம்பை முதல் பட்டத்திலேயே தீர்த்துவிட்டால், அடுத்த படிப்புக்குப் போகும்போது பழைய கடனையும் சேர்த்துப் பார்க்கும் வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும். பத்திரம் இல்லாத வீட்டுப் பெண் அங்கேயே நின்றுவிடுவாள். தொழில் செய்யும் உரிமையைத் தருவது கடைசிப் படி. அதில் ஏற முடியாமல் போவது பாதிப் படிப்பும் முழுக் கடனுமாக மாட்டிக்கொள்வதுதான்.

அதனால் கடனைக் கடைசிப் படிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் உளவியல் இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். அப்படிப் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் 4 லட்சம் வாங்கினால், அதே வட்டியில் தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சம், மாதம் 6,600 ரூபாய். அதைக் கட்டப் போகிறவர் கையில் பதிவு எண் இருக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. போன்ற அரசு நிறுவனங்களில் இடம் கிடைத்தால் தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. இடங்கள் கொஞ்சம், நுழைவுத் தேர்வு கடினம். ஒரு வருடம் வீட்டிலிருந்து தயாரானாலும் அது வீண் போகாது.

இந்தப் பாதையே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிகளில் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. அந்த இடத்துக்கு ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவருகிறது. தொலைநிலையில் மலிவாகப் படித்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி: 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. ஆகவே கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். படிப்பின் பெயர், கல்லூரியின் பெயர், அனுமதி எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் ஆர்.சி.ஐ. பட்டியலில் பார்த்தபின் கட்டுங்கள்.

அப்படியானால் வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நம் நாட்டில் மனநோயால் வாடுபவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று 2015–16 தேசிய மனநல ஆய்வு காட்டியது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். கடனுக்குப் பயந்து பாதியில் திரும்பும் ஒவ்வொருவரும் நமக்கு இழப்பு.

கடன் வாங்கியே ஆக வேண்டிய வீடு என்றால், படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டப் பாருங்கள். முன்பு போட்ட 6 லட்சக் கணக்கில் அது முதல் வருடம் மாதம் 1,670, அடுத்த வருடம் 3,330, பிறகு 5,000. இதைக் கட்டினால் கடன் 6 லட்சத்திலேயே நிற்கும். பத்து வருடத் தவணை 10,300லிருந்து 7,900 ஆகும். இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை தள்ளுபடி தரும் வங்கிகளும் உண்டு. மேலாளரிடம் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.