ஊரின் ஒலியையும் சேமிப்போம்

மழை இரவின் தவளைச் சத்தம், விடியற்காலைச் சேவல், வீடு திரும்பும் மாடுகளின் கழுத்துமணி ஆகியவற்றை மணிக்கணக்கில் ஒலிக்கச் செய்யும் பதிவுகள் யூடியூபிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. உறக்கம் வேண்டிக் கேட்போர் சிலர். விட்டு வந்த ஊரின் நினைவுக்காகக் கேட்போர் சிலர்.

ஓர் இடத்தில் எழும் ஒலிகள் அனைத்தையும் சேர்த்து அவ்விடத்தின் 'ஒலிச்சூழல்' எனலாம். கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரவச் செய்தது.

மனம் அமைதியடைவது ஏன்?

நாம் உறங்கும்போதும் செவி உறங்குவதில்லை. திடீரென எழும் வாகன ஒலி மூளையை உஷார்ப்படுத்துகிறது. ஓடும் நீரும் பூச்சிகளின் ரீங்காரமும் இடைவிடாது தொடர்வதால், அத்தகைய ஓசைகளை ஓரளவு மறைத்துவிடுகின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் 2021ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மனநிலையை மேம்படுத்துவதில் நீரின் ஒலியும், மன அழுத்தத்தைத் தணிப்பதில் பறவைகளின் ஒலியும் முன்னிற்கின்றன.

எனினும் அளவு முக்கியம். குடியிருப்புப் பகுதிகளுக்கு நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் வகுத்துள்ள இரவு நேர வரம்பு 45 டெசிபல். அருவியின் ஓசையும் உரத்து ஒலித்தால் இரைச்சலே.

மறையும் ஒலிகள்

மழையும் பறவையும் எந்தப் பதிவிலும் கிடைக்கும். தொழிலோடு பிறந்த ஒலிகள் அவ்வாறல்ல. பஞ்சாபில் மாடுகள் சுற்றிவர நீரிறைத்த 'ரஹட்' சக்கரத்தில், அது பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் இரும்புத் துண்டு 'டக், டக்' என ஒலித்துக்கொண்டிருக்கும். ஓசை நின்றால் மாடு நின்றுவிட்டது என்று தொலைவிலிருந்தே உழவர் அறிவார். ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அவ்வோசை வயல்களை விட்டு அகன்றது. தமிழகத்தின் ஏற்றப்பாட்டும் மின்மோட்டாரின் வருகையால் ஓய்ந்தது.

பிரான்சு நாடு 2021ஆம் ஆண்டில் கிராமப்புற ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்றுச் சட்டம் இயற்றியது. சேவல் கூவுவதை எதிர்த்துத் தொடரப்பட்ட ஒரு வழக்கு அதற்கு முன்னோடியாய் அமைந்தது.

நாம் செய்யக்கூடியது

நமக்குச் சட்டம் தேவையில்லை, கைப்பேசி போதும். அடுத்த முறை ஊருக்குச் செல்கையில், விடியற்காலையில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் இட்டு, மடித்த துணியின் மேல் திண்ணையில் வையுங்கள். காற்று நேரடியாக மோதாத இடமாக இருக்கட்டும். முதலில் ஊர்ப்பெயரையும் தேதியையும் சொல்லி, ஐந்து நிமிடமேனும் பேசாமல் பதிவு செய்யுங்கள். பிறர் குரல் பதிவாகுமாயின் அவர்களின் இசைவைப் பெறுங்கள். பதிவின் படியை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

பத்திரங்களையும் நகைகளையும் பெட்டகத்தில் காக்கிறோம். ஆனால் வீட்டுப் பெரியவர் கோழிகளைக் கூப்பிடும் குரலை எந்தச் செயலியும் தராது. அதைப் பதிவு செய்யும் காலம், அவர் நம்மோடு இருக்கும் காலமே.