வன்னியின் தையற்கடைகளும் பசுமை மாற்றமும்

2008 இல் துல்கிரியவில் மாஸ் நிறுவனம் பசுமை ஆடைத் தொழிற்சாலையொன்றைத் திறந்தபோது, மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்ற பிரித்தானியக் கொள்வனவாளரின் பின்பலம் அதற்கிருந்தது. யுத்தத்தின் பின்னர் கிளிநொச்சிக்கு வந்த பெரிய தொழிற்சாலைகளும் அவ்வாறே மாறிக்கொள்ளும். ஆனால், நான்கைந்து இயந்திரங்களை நம்பி வாழும் வன்னியின் தையற்கடைகளுக்கு, அவை கணவரை இழந்த பெண்களுடையதாயினும் 1990 இல் வெளியேற்றப்பட்டு மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுடையதாயினும், அத்தகைய துணை எவருமில்லை.

இத்தனைக்கும் செய்யவேண்டியது பெரிதல்ல. பழைய கிளச் மோட்டார், ஆளியைப் போட்டதிலிருந்து தைக்காத வேளையிலும் சுழன்றுகொண்டேயிருக்கும். சேர்வோ மோட்டாரோ மிதியை அழுத்தினால் மட்டுமே சுழலும். நூல் கோப்பதிலும் துணியைத் திருப்புவதிலும் கழியும் நேரமே அதிகமென்பதைத் தையற்காரர் அறிவர். அந்நேரத்து மின்சாரம் மிச்சமானால் கட்டணமும் குறையும்; நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் அந்த அளவுக்குக் குறையும்.

அதற்காக மீண்டும் நுண்கடனா? பெண்கள் பட்ட அக்கடனை, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் மோட்டார்களை மொத்தமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்து, மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையை மட்டும் மாதந்தோறும் அறவிடலாம். துண்டுக்கூலிக்குத் தைப்பவரின் கூலியில் ஒரு சதமேனும் இதற்கெனக் கழிக்கப்படலாகாது.