வலப்பக்கத் திருப்பம்

அண்மையில் ஒரு மாலைப்பொழுது, கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரத் தரிப்பிடமொன்றிலே பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். அருகே, வெள்ளைக் கோலுடன் ஒரு பெரியவர் நின்றார். 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரிலே கண்ணொளியை இழந்தவர்.

"தம்பி, வாறது முல்லைத்தீவு பஸ்ஸோ?"

"இல்லை ஐயா, யாழ்ப்பாணம் போறது."

இரு வண்டிகளும் பரந்தன் வரை ஒரே வீதியில் வடக்கு நோக்கியே ஓடும். அங்கிருந்து ஒன்று ஆனையிறவுக்கு நேரே செல்லும். மற்றது கிழக்கே திரும்பும். "பரந்தனிலை பஸ் வலப்பக்கம் திரும்பினாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்றார் அவர். உடல் ஒருபுறம் சாயும் அந்தக் கணமே அவருக்குப் பெயர்ப்பலகை. ஒருமுறை வண்டி மாறி ஏறிவிட்டார். உவர்க்காற்று முகத்திலே பட்ட பின்னரே பிழை தெரிந்ததாம்.

தனியார் வண்டி நடத்துனர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவதை இரைச்சல் என்று முகஞ் சுளிப்பவர் நம்மிற் பலர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அக்குரல் பார்வையற்றவர்க்கு வழிவிளக்கு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆயினும் அது வருவாய்க்காக எழும் குரல். இருக்கைகள் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். வாணிபமாக உள்ள அக்குரல் கடமையாக மாறவேண்டும்.

வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்க நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அணுகு வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. போக்குவரத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. சென்னையிலோ, 2022 முதல் மாநகரப் பேருந்துகள் சிலவற்றில் அடுத்த தரிப்பிடத்தின் பெயரை ஒலிபெருக்கி தமிழிலேயே அறிவிக்கின்றது.

அத்தகைய கருவி வன்னிக்கு வரும்வரை காத்திருத்தல் வேண்டுமா? தரிப்பிடத்திலே வண்டியை முழுமையாக நிறுத்துதல், செல்லுமிடத்தை உரக்கச் சொல்லுதல், இறங்குமிடத்தை நினைவூட்டுதல் ஆகியவற்றுக்குச் செலவு ஏது? மங்கிய பார்வையுடையோர்க்குப் பெயர்ப்பலகையில் பெரிய, தெளிவான எழுத்துக்கள் போதும்.

முல்லைத்தீவு வண்டி வந்தது. நடத்துனர் வாய் திறக்கவில்லை. நானே சொல்லி, பெரியவரை ஏற்றிவிட்டேன். அன்று நான் அங்கே நின்றது தற்செயல். ஒரு மனிதன் வீடு சேர்வது தற்செயலிலே தங்கியிருத்தல் தகுமா?