முழங்கால் ஜவ்வைக் காக்கும் 15 நிமிடம்

2023 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்துக் கேப்டன் லியா வில்லியம்சன் இல்லை. அவருடைய சக வீராங்கனை பெத் மீட் இல்லை. நெதர்லாந்தின் விவியன் மீடமாவும் இல்லை. மூவரும் ஆர்சனல் கிளப்புக்கு ஆடியவர்கள். மூவருக்கும் ஒரே காயம். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் தசைநார் அறுந்திருந்தது. நம் ஊர் மைதானங்களில் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்கிறார்களே, பல நேரம் அது இதுதான்.

யாரும் இடிக்காமலே அறுகிறது

எதிராளி மோதித்தான் இது நேர்கிறது என்று நினைப்போம். பெரும்பாலும் முழங்காலில் யாருடைய அடியும் பட்டிருக்காது. ஓடும் வேகத்தில் சட்டெனத் திரும்பும்போதோ, குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போதோ முழங்கால் சரியாக மடங்காமல் உள்பக்கம் சாய்கிறது. பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடியில் தசைநார் அறுவதாகக் காய வீடியோக்களை அலசியவர்கள் கணித்திருக்கிறார்கள். சுதாரித்துக்கொள்ள அவகாசமே இல்லை. சரியாக இறங்குவது உடம்பில் ஊறிய பழக்கமாக இருந்தால்தான் உண்டு. கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு, மூன்று மடங்கு.

சோதனை எவ்வளவு சொல்லும்?

யாருக்கு அறும் என்று முன்கூட்டியே அறிய ஒரு சோதனை உண்டு. சுமார் 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து இறங்கி, இறங்கிய வேகத்தில் எம்பிக் குதிக்கச் சொல்வார்கள். முழங்கால்கள் உள்பக்கம் சாய்கின்றனவா என்று கேமரா பார்க்கும். 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இப்படி 205 இளம் வீராங்கனைகளைச் சோதித்தார்கள். பின்னர் ஏசிஎல் காயமடைந்த 9 பேரிடம் அந்தச் சாய்வு கூடுதலாக இருந்தது. ஒன்பது பேரை வைத்து எழுந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 2016-இல் நார்வேயின் 700-க்கும் அதிகமான கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகளின் முடிவுகள் வந்தபோது, யாருக்கு அறும் என்று அதே சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்காக அதை வீண் என்று ஒதுக்க மாட்டேன். பலவீனம் எங்கே என்று காட்டும். தேறியவருக்குப் பயிற்சி வேண்டாம் என்று விட்டுவிடுவதுதான் தவறு. ‘முன்பு எப்போதாவது முழங்காலில் அடிபட்டதா?’ என்ற செலவில்லாத கேள்வியையும் மறக்கக் கூடாது.

எல்லோருக்கும் பயிற்சி

ஸ்வீடனில் 230 கிளப்புகளைச் சேர்ந்த, 12 முதல் 17 வயதுள்ள 4,500-க்கும் மேற்பட்ட சிறுமிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவில், யாரையும் சலித்தெடுக்காமல், அனைவருமே வாரம் இருமுறை 15 நிமிடம் பயிற்சி செய்தார்கள்: ஒற்றைக்காலில் மடங்கி எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, பிளாங்க் (முழங்கையூன்றி உடலை நேராக நிறுத்துவது), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து மடங்குவது), குதித்து மெத்தென்று இறங்குவது. கருவி எதுவும் வேண்டாம். 2012-இல் முடிவு வெளியானது: அந்தப் பிரிவில் ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைவு.

ஆனால் விடாமல் செய்ய வேண்டும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா முன்பு கொண்டுவந்த ‘11’ என்ற காயத் தடுப்புப் பயிற்சித் திட்டம் நார்வேயில் பலன் தராததற்கு ஒரு காரணம், அணிகள் அதைச் சரிவரச் செய்யாததே. பள்ளியில் பி.டி. ஆசிரியர் வருகைப் பதிவோடு இந்த 15 நிமிடப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

அறுந்த பிறகு

‘டப்’பென்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், கால் வழுக்குவதுபோன்ற உணர்வு இருந்தால் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம்; எலும்பு மருத்துவரிடம் போங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 9 மாதத்துக்குமுன் களமிறங்கினால் மறுபடி காயப்படும் ஆபத்து கூடுதல். மாதக் கணக்கு மட்டும் போதாது. சோதனைக்கு உண்மையான வேலை இங்கேதான்: தொடைத் தசையின் பலத்திலும் ஒற்றைக்கால் தாண்டலிலும் அடிபட்ட கால், நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்டியதா என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்ப்பார்.